தண்ணீர் பிரியும் மேட்டில் செய்த சத்தியம்

இது நடந்தது. ராத்திரியில் அல்ல, வெயிலில் நடந்தது. ஜூலை மாதத்தில் தண்டர் பே ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகும் சூரியன் கீழே இறங்காது. அந்த வெளிச்சத்தில், ஒரு வீட்டுச் சமையலறையில், ஐந்து பேர் இருந்த இடத்தில் நடந்தது. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் இன்றும் நடமாடுகிறார்கள். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். நொயெல்லா மட்டும் ஒரே ஒரு தடவை, முதலிலிருந்து கடைசிவரை, எதையும் விடாமல் சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறது.

வினிபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம் வாழும் செயின்ட் போனிஃபேஸிலிருந்து கிளம்பிய காரில் மூன்று பேர் இருந்தார்கள். ஓட்டியவன் அர்மான். பக்கத்தில் அவன் மனைவி நொயெல்லா. பின் சீட்டில் அர்மானின் சிநேகிதன் க்ளோவிஸ், கால் நீட்டி உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, உமியைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டு வந்தான்.

அர்மானும் க்ளோவிஸும் ஒரே தோணிக் குழுவில் இருந்தார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வியாபாரத்துக்காகத் தோணி வலித்தவர்களைப் போல உடை போட்டு, இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டி, விழாக்களில் மரப்பட்டைத் தோணி ஓட்டும் பத்துப் பேர் கொண்ட குழு அது. வெளியில் இருப்பவர்களுக்கு வேஷம். அவர்களுக்கு அப்படியில்லை. அர்மானின் பாட்டனுக்குப் பாட்டன் நிஜமாகவே அப்படித் துடுப்புப் போட்டு, மூட்டையோடு தண்ணீரில் விழுந்து செத்தவன். குழுவில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு முன்னோர் இருந்தார். அதனால் தங்களைத் துடுப்புக்காரர்கள் என்றே சொல்லிக்கொள்வார்கள்.

முன்பு குழுவில் இருந்து, தண்டர் பே ஊரில் குடியேறிவிட்ட ஃபெர்னான், ஈவெட் தம்பதியைப் பார்ப்பது, போகும் வழியில் பழைய தோல் வியாபாரக் கோட்டையைச் சுற்றுவது. இதுதான் திட்டம். அர்மான் மூன்று வருஷமாகப் போட்ட திட்டம். க்ளோவிஸையும் கூட்டிக்கொள்ளலாம் என்று அவன் சொன்னபோது நொயெல்லா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சரி என்றாள்.

சரியில்லை. பிப்ரவரியில் பனி விழா முடிந்த அன்று, குழு முழுவதும் அவர்கள் வீட்டில் குடித்தது. அர்மான் சோபாவில் தூங்கிப்போனான். க்ளோவிஸ் சமையலறைக்கு வந்து அவளைக் குளிர்பெட்டியோடு சேர்த்து அழுத்தி, வாயைப் பொத்தி, பிறகு கையை எடுத்துவிட்டு முத்தமிட்டான். அவள் கடித்தாள். அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"யாருகிட்ட போய்ச் சொல்லுவ? ஏரியில தோணி கவுந்தப்ப உன் புருஷனைத் தலைமுடியப் புடிச்சுத் தூக்கினது யாரு? உன்னை நம்புவானா, என்னையா? கேட்டுத்தான் பாரேன்."

அவள் கேட்டுப் பார்க்கவில்லை. இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது. இரண்டு தடவையும் அர்மான், "க்ளோவிஸ் இல்லேன்னா நான் இன்னிக்கு உன்னோட இருக்க மாட்டேன்" என்று வேறு ஏதோ பேச்சில் சொல்லிவிட்டான். புருஷன் தன்னை நம்பாமல் போனால் என்ன செய்வது என்ற ஒரே பயம்தான் ஐந்து மாதமாக அவளைச் சொல்லவிடாமல் வைத்தது.

வழியில் கெனோரா ஊரில் ஒரு ராத்திரி சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் கிழக்கே போனார்கள். மதியத்துக்குமேல் நெடுஞ்சாலையில் அந்தப் பலகை வந்தது. அதற்கு வடக்கே விழும் மழை வடகடலுக்குப் போகும். தெற்கே விழுவது பெரிய ஏரிக்குப் போகும். தண்ணீர் பிரியும் மேடு.

அர்மான் வண்டியை ஓரம் கட்டினான்.

"இறங்குடா க்ளோவிஸ். நீ இந்த மேட்டைத் தாண்டினதே இல்லையே."

"விமானத்துல தாண்டியிருக்கேன்."

"அது கணக்குல வராது. மண்டி போடு."

பழைய வழக்கம் அது. முதல் தடவை மேட்டைக் கடக்கிறவன் மண்டியிட வேண்டும். ஏற்கெனவே கடந்தவன் ஒருத்தன் தேவதாரு மரக்கிளையைத் தண்ணீரில் நனைத்து அவன் தலையில் தெளிக்க வேண்டும். கடக்கிறவன் இரண்டு சத்தியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் அசல் துடுப்புக்காரன். நொயெல்லா கல்யாணமான வருஷமே அர்மானோடு இந்த வழியில் வந்தவள். காரில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

அர்மான் சிரித்துக்கொண்டே சிவப்புக் கச்சையை எடுத்துக் கட்டிக்கொண்டான். சாலையோரப் பள்ளத்துத் தண்ணீரில் கிளையை நனைத்தான். க்ளோவிஸ் சரளைக்கல்லில் மண்டியிட்டான்.

"புதுசா வர்ற எவனையும் இந்தச் சடங்கு செய்யாம தாண்ட விட மாட்டேன். சொல்லு."

சொன்னான்.

"எந்தத் துடுப்புக்காரன் பெண்டாட்டியையும் அவ சம்மதம் இல்லாம முத்தமிட மாட்டேன்."

க்ளோவிஸ் அர்மானைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே நொயெல்லாவைப் பார்த்தான். ஒரு கண்ணை மூடித் திறந்தான். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, அந்தச் சத்தியத்தைச் செய்தான்.

"ரொம்பச் சுலபமான சத்தியம்டா இது" என்றான் எழுந்துகொண்டே. "எல்லாரும் சம்மதிச்சுத்தானே இருக்காங்க."

அர்மான் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போது மரங்களுக்குள்ளிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒரே ஒரு தடவை. நொயெல்லா திரும்பிப் பார்த்தாள். ஊசியிலை மரங்கள், சதுப்பு, கொசு. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் காரில் ஏறியதும் சுங்கான் புகையிலை வாசனை அடித்தது. அவர்கள் மூவரில் யாரும் புகைப்பதில்லை.

கோட்டைக்கு நான்கு மணிக்கு முன்னால் போய்விட்டார்கள். மர வேலி, மரக் கட்டடங்கள், பழைய உடையில் வேலையாட்கள், ஐஸ்கிரீம் வடியும் குழந்தைகள். எல்லாம் சாதாரணம். சாமான் கிடங்கில் பார்வையாளர்கள் சுமந்து பார்க்க மூட்டைகள் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குத் தரைவழியே நடக்கும்போது ஆளுக்கு இரண்டு மூட்டை. ஒவ்வொன்றும் தொண்ணூறு பவுண்டு. முதுகில் மூட்டை, அதைத் தாங்கும் தோல் வார் நெற்றியில்.

"போட்டுப் பாக்கறேன்" என்றான் க்ளோவிஸ்.

மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். குட்டை. நொயெல்லாவின் காது உயரம்தான். தோள்கள் மட்டும் கதவு அகலம். கோட்டை வேலையாள் என்று நினைத்தாள். ஆனால் அவன் சட்டை நனைந்திருந்தது. கால் சராயின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே ஒரு வாரமாக மழையில்லை.

அவன் ஒரு மூட்டையை இரண்டு கையாலும் தூக்கினான். க்ளோவிஸைப் பார்க்கவில்லை. நொயெல்லாவைப் பார்த்தான். புருவத்தை லேசாக உயர்த்தினான். போடலாமா என்று கேட்பதைப் போல.

எதற்கு என்னிடம் கேட்கிறான் என்று யோசித்துக்கொண்டே அவள் தலையாட்டினாள்.

மூட்டை ஏறியது. க்ளோவிஸ் கையை வீசிக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"பஞ்சு மூட்டைடா இது. இதுக்கா உன் பாட்டன் செத்தான்?"

கிடங்கில் இருந்த வேலைக்காரப் பெண் சிரித்தாள். "உள்ள வைக்கோல்தாங்க. நிஜ எடை வெச்சா ஜனங்களுக்கு முதுகு புடிச்சுக்குது."

க்ளோவிஸ் வாரைக் கழற்றி மூட்டையைத் தரையில் வைத்தான். அர்மான் அதை ஒரு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டான்.

க்ளோவிஸ் அப்படியே நின்றான்.

"எடுடா" என்றான்.

"எதை?"

"மூட்டையை."

"இறக்கிட்டியே."

க்ளோவிஸ் கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினான். ஒன்றும் இல்லை. நெற்றியில், வார் இருந்த இடத்தில், சிவப்பாக ஒரு கோடு இருந்தது.

நொயெல்லா அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "அந்தக் குட்டையான ஆள் எங்க போனார்?"

"எந்த ஆள்? இன்னிக்குக் கிடங்குல நான் மட்டும்தான்."

தரையில் இரண்டு ஈரக் காலடிகள் இருந்தன. வந்ததற்கும் போனதற்கும் தடமே இல்லை. நின்ற தடம் மட்டும்.

ஃபெர்னான் வீட்டுக்குப் போகும் வழியில் க்ளோவிஸ் குனிந்தே உட்கார்ந்திருந்தான். விதை கொறிக்கவில்லை. கார் வலது பக்கம், அவன் உட்கார்ந்த பக்கம், சாய்ந்தபடியே ஓடியது. அர்மான் ஒரு தடவை நிறுத்தி டயரில் காற்று பார்த்தான். காற்று சரியாக இருந்தது.

தோட்டத்தில் மேசை போட்டிருந்தார்கள். பொரித்த மீன், காட்டரிசி, ஈவெட் செய்த பழக் கேக். வெயில் மேசைமேல் சாய்வாக விழுந்தது. ஃபெர்னான் பழைய தோணிக் கதைகளை எடுத்துவிட்டான். க்ளோவிஸ் கழுத்து குனிந்தே இருந்தது. மோவாய் மார்பைத் தொட்டது. நெற்றிக் கோடு நீலமாகியிருந்தது.

"என்னடா, தரையில காசு தேடறியா?" என்றான் ஃபெர்னான்.

"சுளுக்கு."

"ஏ... நாற்காலியைப் பாருங்க" என்றாள் ஈவெட்.

க்ளோவிஸின் நாற்காலிக் கால்கள் நான்கும் புல்தரைக்குள் ஒரு சாண் இறங்கியிருந்தன. மற்றவர்களுடையது மேலேயே இருந்தது.

ஃபெர்னான் எல்லாவற்றையும் விளையாட்டாக்குகிறவன். உள்ளேபோய் எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மீன் பூராத்தையும் தின்னது யாருன்னு இப்பத் தெரிஞ்சிரும்." க்ளோவிஸ் ஏறினான். அவன் எப்போதும் நூற்றெண்பது பவுண்டு. முள் இருநூற்றெழுபதில் நின்றது.

"கருவி பழசு" என்றான் ஃபெர்னான்.

அர்மான் ஏறிப் பார்த்தான். அவன் எடையைச் சரியாகக் காட்டியது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நொயெல்லா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தனியாக. குழாயைத் திறந்தாள். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வேலி.

வேலி ஓரம் அவன் நின்றிருந்தான்.

குட்டை. கதவு அகலத் தோள். முழு வெயில் அவன்மேல் விழுந்தது. இருந்தும் நனைந்தே இருந்தான். கையில் இன்னொரு மூட்டை. அதிலிருந்தும் தண்ணீர் சொட்டியது...

சொட்... சொட்... குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அவன் அவளைப் பார்த்தான். புருவத்தை உயர்த்தினான்.

இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது. எதற்காக அவளிடம் கேட்கிறான் என்று. மேட்டில் செய்த சத்தியத்தில் இருந்த அந்த ஒரு வார்த்தை. சம்மதம்.

வேண்டாம் என்று தலையை அசைக்கத்தான் போனாள். சொல்லும்போது அதை அவள் மறைக்கவில்லை. அசைக்கத்தான் போனாள்.

பின்னால் தரை கிறீச்சிட்டது.

க்ளோவிஸ். பாதி வளைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். கண்களை மட்டும் மேலே தூக்கி அவளைப் பார்த்தான்.

"என்னடி செஞ்ச எனக்கு?"

"ஒண்ணும் செய்யல."

"கிடங்குல யாருக்கோ தலையாட்டின. பாத்தேன்." மணிக்கட்டைப் பிடித்தான். பிடி பழைய பிடிதான். "நிறுத்து. இல்லேன்னா அர்மான்கிட்ட நானே போய்ச் சொல்லுவேன். நீதான் என் மேல வந்து விழுந்தேன்னு. யாரை நம்புவான்னு உனக்குத் தெரியும்ல?"

நொயெல்லா திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

வேலி ஓரத்து ஆள் இன்னும் காத்திருந்தான்.

அவள் தலையாட்டினாள்.

தொப்.

க்ளோவிஸ் முழங்காலில் விழுந்தான். உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினான். மூச்சு வெளியே போன சத்தம் மட்டும் வந்தது.

அர்மான் ஓடிவந்தான். பின்னால் ஃபெர்னான், ஈவெட். அர்மான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். முடியவில்லை. ஃபெர்னானும் சேர்ந்து பிடித்தான். பாறையைத் தூக்குவதைப் போல இருந்தது.

"ஆம்புலன்ஸ் கூப்பிடு" என்றான் அர்மான்.

ஈவெட் போனை எடுத்தாள்.

நொயெல்லா குழாயை மூடினாள். வீடு அமைதியானது.

"அர்மான். பிப்ரவரியில நீ சோபாவுல தூங்கிட்டிருந்தப்ப, இவன் நம்ம சமையலறையில என்னைப் புடிச்சு வாயப் பொத்தினான். முத்தமிட்டான். நான் கடிச்சேன். உன்னை ஏரியிலேர்ந்து தூக்கினவன்னு நான் சொல்லல. இப்பச் சொல்றேன்."

அர்மானின் கை க்ளோவிஸின் தோளில் இருந்தது. விழாவுக்குப் பிறகு அவன் உதட்டில் இருந்த காயம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பனியில் வழுக்கியதாகச் சொல்லியிருந்தான்.

"நெசமாடா?"

"விளையாட்டுக்குடா... குடிச்சிருந்தேன்..."

அர்மான் கையை எடுத்தான். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்தான்.

"என்னைத் தூக்கினதுக்கு நான் உனக்கு என் உசுரைக் குடுத்திருப்பேன். இவளை எடுத்துக்கன்னு யாரு சொன்னது?"

எழுந்து வந்து நொயெல்லா பக்கத்தில் நின்றான். அவள் கையைப் பிடித்தான். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு முழு மூச்சு வந்தது.

ஜன்னலைப் பார்த்தாள். குட்டை ஆள் அங்கேதான் இருந்தான். இப்போது கைகள் காலி. புருவம் உயர்ந்திருந்தது. இறக்கிவிடலாமா...?

போதும், இறக்கிவிடலாம் என்று நினைத்தாள். தலையை அசைக்க நிமிர்ந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை.

மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டதைப் போல.

பிறகு...

வேலி மட்டும் இருந்தது.

தொப்.

க்ளோவிஸின் முகம் தரையில் மோதியது. கைகள் இரண்டு பக்கமும் விரிந்தன. அவனுக்குக் கீழே இருந்த பலகை உடைந்தது.

நொயெல்லா தலையாட்டவில்லை. இதை அவள் நான்கு தடவை சொன்னாள். மூன்றாவது மூட்டைக்கு அவள் தலையாட்டவேயில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் தூக்க முடியாமல் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். தள்ளுகட்டிலின் ஒரு சக்கரம் வாசலிலேயே வளைந்தது.

மறுநாள் மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர், எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு அர்மானிடம் கேட்டார்.

"இவர் என்ன வேலை பாக்கறார்?"

"இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்."

"அதுக்கு முன்னாடி?"

"எப்பவும் அதுதான்."

"இருக்க முடியாது. கழுத்தும் முதுகும் இருபது வருஷம் மூட்டை தூக்கின ஆளோடது."

க்ளோவிஸுக்கு உயிர் போகவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அவனை வினிபெக் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். பேச முடிந்தவரை ஒன்றைத்தான் கேட்டான். மேலே இருப்பதை யாராவது எடுங்கள் என்று.

ஊர் திரும்பிய பிறகு அர்மான் தோணிக் குழுவை விட்டுவிட்டான். காரணம் கேட்டவர்களிடம் பிப்ரவரியில் நடந்ததை நொயெல்லாவே சொன்னாள். குட்டை ஆளைப் பற்றி மட்டும் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. அர்மானிடமும் சொல்லவில்லை. அவன்தான் அந்த ஆளைப் பார்க்கவேயில்லையே.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் யுகெட் வந்தாள். தோணியின் பின்முனையில் துடுப்புப் பிடிக்கும் பஸ்காலின் மனைவி. நொயெல்லாவுக்கு அவ்வளவு நெருக்கமில்லை. காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னதைக் கேள்விப்பட்டேன். எனக்கும் நடந்தது. போன வருஷம். தோணிக் கொட்டகையில."

நொயெல்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைச் சொல்ல வரல" என்றாள் யுகெட். "அவன் விழுந்தானே, அன்னிக்குச் சாயங்காலம். நீங்க அங்க சாப்பிட்டு முடிச்ச நேரம்தான் இருக்கும். நான் வெயில்ல கொடியில துணி எடுத்திட்டிருந்தேன். வாசல்ல ஒரு ஆள். குட்டையா, நனைஞ்சுபோய். கையில மூட்டை. ஏதோ கொண்டுவந்து குடுக்கறவன்னு நெனச்சேன். பேசவேயில்ல. பாத்துட்டே நின்னான். கொஞ்ச நேரத்துல... எப்படின்னு கேக்காத... எனக்கு அவன் என்ன கேக்கறான்னு தெரிஞ்சுபோச்சு."

"நீ என்ன சொன்ன?"

"தலையாட்டினேன்."

நொயெல்லா பிடித்த கையை விடவில்லை.

"அவன் போனதும் வாசலுக்குப் போய்ப் பாத்தேன்" என்றாள் யுகெட். "எங்க தெருவுல நம்ம குழுக்காரங்க வீடு இன்னும் நாலு இருக்கில்ல. நாலு வீட்டு வாசல்லயும் ஒவ்வொரு மூட்டை இருந்தது. ஈரமா."

ஆகஸ்ட் முடிவதற்குள் க்ளோவிஸ் படுத்திருந்த கட்டில் இரண்டு தடவை உடைந்தது. இப்போது அவனைத் தரையில்தான் படுக்க வைத்திருக்கிறார்கள்.